திரும்பி வராத டப்பா

அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, வாங்கிப் போக ஆள் வரவில்லை. இப்படி ஒரு கவலை எனக்கு வரும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், சொன்னவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பேன். போன மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் கவலைதான் வந்து சேர்ந்தது. அது தீர்ந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரு. விலாசத்தில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் ஹொஸ்கோட்டே தாண்டி, கோலார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ராகிக் கொல்லைகளையும் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டங்களையும் கடந்து வரவேண்டும். என் அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். நான் அங்கிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவள். ஓய்வு பெற்றதும் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்துவிட்டோம். ஊர்க்காரர்களுக்கு நான் கன்னடம் பேசுகிற தமிழ் அக்கா. வாய் ஜாஸ்தி என்றும் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கொரோனா வந்து எல்லாரும் வேலையில்லாமல் உட்கார்ந்தபோது, கட்டட வேலைக்காரர்களுக்கும் செங்கல் சூளைக்காரர்களுக்கும் அரிசி பருப்பு கொடுக்க ஆரம்பித்தோம். நாங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். அவள் தொம்மலூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். கொரோனா போனது, பசி போகவில்லை. ஊரின் பழைய பால் டெய்ரி அறை சும்மா கிடந்தது. பால் கேன் வைக்கிற கடப்பைக்கல் மேடை இருந்தது. அந்த மேடைக்குப் பின்னால் சனிக்கிழமை தோறும் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். யார் என்ன என்று கேட்பதில்லை. வந்தால் கொடுப்போம், அவ்வளவுதான்.

சாமான் வருவது ஒயிட்ஃபீல்டு பக்கத்து அப்பார்ட்மெண்ட்காரர்களிடமிருந்து. நல்ல பிள்ளைகள். காரில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒருதடவை அப்படி வந்தவர்கள் ஏரிக்கரையில் நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் கவர்கள் பறந்து முள்ளில் மாட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த முறை வரும்போது வண்டி நிறைய எவர்சில்வர் டப்பாக்கள். அரிசிக்குப் பெரிசு, பருப்புக்குச் சின்னது. நிரப்பிக் கொடுக்கவேண்டியது, அடுத்த வாரம் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வேறொன்றை நிரப்பிக் கொடுக்கவேண்டியது. காஸ் சிலிண்டர் மாற்றுகிற மாதிரி. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பளபளவென்று அடுக்கி வைத்தபோது பால் டெய்ரி அறைக்கே ஒரு கல்யாணக் களை வந்துவிட்டது.

முதல் வாரம் திரும்பி வந்த டப்பாவைக் கையில் வாங்கினேன், கனமாக இருந்தது. திறந்தால் உள்ளே அவரைக்காய். அதற்கடுத்த டப்பாவில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஒன்றில் காகிதத்தில் சுற்றின நாட்டுக்கோழி முட்டை. ஒன்றில் ஒரு பிடி ராகி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உண்டு, கன்னடக்காரர் வீட்டிலும் உண்டு, தெலுங்குக்காரர் வீட்டிலும் உண்டு. எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தால் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தானே அனுப்புவோம்? எங்களிடம் வாங்கிச் சாப்பிட்ட ஜனம் எங்களை எதிர்வீடாக்கிவிட்டதே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

பூரிப்பு வந்தால் நான் சும்மா இருப்பேனா? மேடைமேல் வைத்து, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அடேங்கப்பா! பாருங்க, எவ்ளோ கறிவேப்பிலை! யார் கொண்டாந்தது? பெரியவரா? அப்படிப் போடுங்க!” என்று ஒவ்வொரு டப்பாவையும் திறந்து திறந்து கொண்டாடினேன். கறிவேப்பிலைப் பெரியவர் சூளையில் காவல்காரர். அதுவரை தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனவர், அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நாத்தனார் போனில் போட்டோ எடுத்து அப்பார்ட்மெண்ட்காரர்களுக்கு அனுப்பினாள். அங்கிருந்து இதயப் படமாக வந்து குவிந்தது.

அதற்குப் பிறகுதான் கூட்டம் குறைய ஆரம்பித்தது.

முதலில் கவனிக்கவில்லை. மழை, திருவிழா, ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அடுக்கின டப்பா அடுக்கினபடி மிஞ்சுகிறது. வருகிறவர்கள் சந்தோஷமாக வருகிறார்கள், வராதவர்கள் வரவே மாட்டேன் என்கிறார்கள். வராதவர்களிடம் எங்கள் டப்பாவும் இருக்கிறது. டப்பாவை விற்றுத் தின்றுவிட்டார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ரேஷனில் அரிசியைக் கூட்டிக் கொடுக்கிறார்களா? இல்லை. யாராவது புரளி கிளப்பிவிட்டார்களா? அதுவும் இல்லை. மண்டையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

“எல்லாம் உங்க வாய்தான் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“ஏன், என் வாய்க்கென்ன?”

“அந்த ரோஜாத் தோட்டத்தம்மாவ அன்னிக்கு என்ன சொன்னீங்க? ‘இது என்ன சத்திரமா, நெனச்ச நேரத்துக்கு வர்றதுக்கு’ன்னு கேட்டீங்களா இல்லையா? அதுக்கப்புறம் அவங்க வரவே இல்ல.”

கேட்டேன். கதவைப் பூட்டுகிற நேரத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள், கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு டப்பாவை வழிய வழிய நிரப்பியும் கொடுத்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே. மற்றவர்கள் வராததைவிட அவள் வராததுதான் என்னைப் போட்டு அரித்தது. குடியாத்தம் பக்கத்துக்காரி, என் அம்மா வழி ஊருக்குப் பக்கம். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்து படுத்திருக்கிறான். அவள் வேலை பார்த்த ரோஜாத் தோட்டத்தையும் மூடிவிட்டார்கள். ஒரு பெண் ஹைஸ்கூல் போகிறாள். அந்த ஸ்கூலில் நாத்தனார் சும்மா போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பெண் ஜுரத்தோடுகூட லீவு போடாமல் வருகிறது, மத்தியானச் சாப்பாட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறது என்று நாத்தனார்தான் வந்து சொன்னாள். மத்தியானம் ஸ்கூலில் ஆச்சு. ராத்திரி? அந்த மனுஷன்? அவள்?

நாத்தனாரிடம் ஒரு துணிப்பையில் அரிசி போட்டு, பெண்ணிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். மறுநாள் பை கட்டு அவிழ்க்காமல் திரும்பி வந்தது. “அம்மா வேணாம்னுச்சு மிஸ். மொதல்ல டப்பாவக் குடுக்கணுமாம்” என்றதாம் அந்தப் பெண். டப்பாவைக் கொடுக்கவேண்டுமென்றால் கொண்டுவந்து கொடுக்கவேண்டியதுதானே? கோபம்தான் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன். சரி, காலில் விழாத குறையாகச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று நானே ஒரு டப்பாவை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

தகரக்கூரை போட்ட வரிசை வீடுகள். வாசலில் ஒரு நீல டிரம், டேங்கர் தண்ணீர் வந்தால் பிடித்து வைக்க. அன்றைக்கு டிரம்மில் அடியில்தான் தண்ணீர் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. “வாங்கக்கா, வாங்கக்கா” என்று பாயை உதறிப் போட்டாள். கோபமே இல்லை. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

“ஏம்மா வர்றதே இல்ல? அன்னிக்கு நான் ஏதோ பேஜார்ல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத.”

“ஐயோ, நீங்க பேசினதெல்லாம் ஒரு பேச்சாக்கா? அக்கா திட்டினா திட்டிட்டுப் போறாங்க. வேல இருந்துச்சு, அதான் வர முடியல.”

“என்ன வேல?”

உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எனக்குக் கண் முன்னால் அந்த டிரம்மின் அடிதான் நின்றது. “வேணாம்மா, இப்பதான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்,” என்றேன். சொம்பை அவள் உடனே எடுத்துப் போகவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“சரி, அந்தப் பழைய டப்பாவக் குடு. இந்தா, இத வெச்சுக்கோ,” என்றேன்.

உள்ளே போனாள். தடுப்புக்குத் தொங்கவிட்ட புடவைக்கு அந்தப் பக்கம் டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம். இன்னொரு டின் திறக்கிறது, மூடுகிறது. பிறகு இன்னொன்று. படுத்திருந்த மனுஷன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய எவர்சில்வர் டப்பாவை எந்த டின்னுக்குள் போட்டு வைத்திருப்பாள், இப்படித் தேடுகிறாளே என்று நான் உட்கார்ந்திருக்கிறேன், மக்கு மாதிரி. வெறுங்கையோடு வந்தாள்.

“சனிக்கெழம நானே கொண்டாரேங்க்கா.”

“அப்ப இதையாவது வெச்சுக்கோ.”

“பழசே இன்னும் திருப்பல, புதுசு எப்படிக்கா வாங்கறது? எடுத்துட்டுப் போங்க. நான் வரேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் எனக்குக் கோபம் வந்து, நிரப்பின டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் அதுவும் தெரியாது. சனிக்கிழமை வந்தது. அவள் வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து என் சமையலறையில்தான் விஷயம் உடைந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா போளி, அவர்கள் பாஷையில் ஹோளிகே, கொடுத்தனுப்பின அடுக்குப் பாத்திரம் எங்கள் ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தது.

“இது என்ன, ஒரு வாரமா இங்கயே கெடக்கு? நான் அந்தப் பக்கம்தான் போறேன், குடுத்துடட்டுமா?” என்றார் வீட்டுக்காரர்.

“இருங்க, இருங்க. வெறும் பாத்திரத்தையா தூக்கிட்டுப் போவீங்க? மானம் போயிடும்.”

சர்க்கரை டின்னைத் திறந்தேன், தீர்ந்திருந்தது. மூடினேன். பேரீச்சம்பழம் இருந்ததே என்று அடுத்த டின்னைத் திறந்தேன். அதுவும் இல்லை, மூடினேன். மூன்றாவது மூடியில் கை வைத்தபோது அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. என் டின்னின் சத்தம்தான். ஆனால் நான் அதைப் புடவைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்துகொண்டு கேட்ட மாதிரி இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். “என்னாச்சு? தல சுத்துதா?” என்று அவர் கேட்கிறார்.

டப்பாவில் போட்டுக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை நாள். அதிலும் நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏலம் போட்டுக்கொண்டிருந்தேனே, அந்த மேடை முன்னால் வெறும் டப்பாவை எவள் நீட்டுவாள்? வெட்கமாக இருந்தது. நாத்தனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“போய்ச் சொல்லிடலாமே அண்ணி, காலியாவே கொண்டாங்க, பரவால்லன்னு.”

“எப்படிச் சொல்றது? ஒங்க வீட்ல ஒண்ணும் இல்லன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்ற மாதிரி இருக்காதா?”

“அப்ப டப்பாவே வேணாம். துணிப்பை தச்சிடலாம்.”

“பை போட்டா, அந்தக் கறிவேப்பிலைப் பெரியவரு? அவரு இப்பதான் நிமிந்து நிக்கறாரு. மறுபடியும் சும்மா வாங்கிட்டுப் போங்கன்னா?”

ஒருத்தரை நிமிர்த்தின டப்பா இன்னொருத்தியை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது. பெரியவரைப் பார்த்தால் டப்பா வேண்டும், அவளைப் பார்த்தால் டப்பா வேண்டாம். இதில் எது சரி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தோம், ஒரு முடிவுக்கும் வரவில்லை.

சனிக்கிழமை அறையைத் திறந்தால், போன வாரம் யாரோ டப்பாவில் வைத்துக் கொடுத்து, நாங்கள் அலமாரியில் மறந்துவிட்டிருந்த வெல்லக்கட்டி. அதைச் சுற்றி எறும்பு, கோடு போட்ட மாதிரி. அரிசி மூட்டை வரைக்கும் போயிருந்தது. பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். யோசிக்கவில்லை.

வரிசை சேர்ந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். “யாருப்பா இது, டப்பால கண்டதயும் போட்டுக் கொண்டாறது? பாருங்க, ரூம் பூரா எறும்பு! மூட்டையெல்லாம் எறும்பு! இனிமே டப்பா காலியா வரணும். கழுவித் தொடச்சு, காலியா. உள்ள ஏதாச்சும் இருந்துச்சு, நான் வாங்கவே மாட்டேன், சொல்லிட்டேன்!” கன்னடத்திலும் ஒருதடவை கத்தினேன். நாத்தனார் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஜனம் முணுமுணுத்தது. “ஆசையா கொண்டாந்தா இந்தம்மா இப்படி எரிஞ்சு விழறாங்களே,” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்றிருந்தேன். நான் திட்டினால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும், அதற்குத்தானே திட்டினேன். ஆனால் கறிவேப்பிலைப் பெரியவர் தன் முறை வந்தபோது டப்பாவைத் திறந்து, கொத்தை எடுத்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டார். காலி டப்பாவை மேடைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் போட்ட நாடகம் கலைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை சூளைப் பக்கத்திலிருந்து வராமல் போயிருந்த சிலர் வந்தார்கள். காலி டப்பாக்களைத் தைரியமாக நீட்டினார்கள். “அக்கா காலியா கொண்டாறச் சொன்னாங்களாமே” என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பெரியவர் வரவில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பூட்டுகிற நேரம் ஆயிற்று. நாத்தனார் சாவியை எடுத்தாள். “கொஞ்சம் இரு,” என்றேன்.

மூச்சிரைக்க வந்தாள், எப்போதும் போல. புடவைத் தலைப்பால் டப்பாவைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். மேடைமேல் வைத்தாள். நான் அதை உள்ளே எடுத்து வைக்கத் தூக்கினேன். கனமாக இருந்தது.

அவளைப் பார்த்தேன். “எதுவும் போடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே, யாரும் சொல்லலியா?”

“சொன்னாங்கக்கா.” இந்தமுறை அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். “இதுக்கு எறும்பு வராதுக்கா.”

மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர். சுத்தமான தண்ணீர், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் விளிம்புவரை கொண்டுவந்திருந்தாள்.

தங்கவயலில் எங்கள் வீட்டுக்கு வந்த சிலர், அம்மா கொடுத்த தண்ணீரைச் சாதி பார்த்துக் குடிக்காமல் போனதை அப்பா ஒருநாள் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். டிரம்மைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்?

டப்பாவின் மூடியைத் திருப்பிப் பிடித்து, அதில் ஊற்றிக் குடித்தேன். போதவில்லை. இன்னொரு தடவை ஊற்றிக் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “அரிசி போடுங்கக்கா, நேரமாச்சு,” என்றாள். போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

“என்ன அண்ணி அது?” என்றாள் நாத்தனார், சாவியோடு நின்றுகொண்டு.

“தண்ணிதான்,” என்றேன். “நாளைக்குப் பெரியவர் வீட்டுக்குப் போகணும், நீயும் வா. ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லன்னு கேக்கணும்.”